மலிவுக் கணினியும் வணிகர் கணக்கும்

ஒரு பொருளின் விலையைக் கேட்டறிந்தவுடன் அதன் பெறுமதியையும் அறிந்துவிட்டோம் என்று எண்ணுவது மக்கள் இயல்பு. துணியிலும் தானியத்திலும் இவ்வெண்ணம் பெரும்பாலும் பிழைபடுவதில்லை. ஏனெனில் அவற்றைக் கையால் தொட்டும் வாயிலிட்டும் பார்த்து வாங்கும் பயிற்சி நமக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. கணினி அத்தகையதன்று. கடையின் விளக்கொளியில் வரிசையாக வைக்கப்பெற்ற பத்து மடிக்கணினிகளுள் முப்பதினாயிரம் ரூபாய் விலையுடையது எது, எழுபதினாயிரம் ரூபாய் விலையுடையது எது என்பது மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு விளங்காது. திறந்து வைத்தால் இரண்டும் ஒரே முகப்பைக் காட்டும். ஒரே கணக்கு மென்பொருளை இயக்கும். அங்ஙனமாயின், வீட்டு உபயோகத்துக்கென்று சில்லறைக் கடையில் விற்கும் குறைந்த விலைக் கணினியை வாங்கி வியாபாரக் கணக்கை எழுதினால் என்ன குறை? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

இது யானாகக் கற்பித்துக்கொண்ட வினாவன்று. காரைக்குடியில் ஜவுளிக்கடை நடத்தும் என் அம்மான் 2021ஆம் ஆண்டு ஆவணித் தொடக்கத்தில் என்னைக் கேட்டது: “என்னப்பா, நீ கல்லூரியிலே வணிகவியல் படித்தவனாயிற்றே! பேரேடு எழுதுகிற இயந்திரத்துக்கு எழுபதினாயிரம் எதற்கு? முப்பதினாயிரத்துக்குக் கிடைப்பது போதாதா?” யான் சற்றும் யோசியாமல், “போதும், அம்மான்” என்று கூறிவிட்டேன். அவ்வொரு சொல் சரியா தவறா என்பதை இன்றுவரை என்னுள் நான் வழக்காடிக்கொண்டிருக்கின்றேன். இக்கட்டுரை அவ்வழக்கின் விவரமே.

செட்டிநாட்டு வணிகர்க்குக் கணக்கேடு எத்தகைய பொருளென்பதை முதற்கண் நினைவுகூர்தல் நலம். அன்றன்று நடந்த வரவு செலவைச் சிட்டையில் எழுதுவர். சிட்டையிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் பெயர்ப்பர். பேரேட்டின் பற்றும் வரவும் ஒத்து நிற்கின்றனவா என்பதை ஐந்தொகை எடுத்துச் சரிபார்ப்பர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாக உயர்வதற்கு முன் இவற்றைக் கற்றே ஆகவேண்டும். பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் நகரத்தார் கொண்டுவிற்ற காலத்து, கிளைக்கடையை நடத்தும் முகவர் மூன்றாண்டுத் தவணையில் சென்று மீள்வார். அவர் எழுதும் கணக்கின் நகல் காலந்தவறாது ஊரிலுள்ள முதலாளி வீட்டுக்கு வந்து சேரும். முகவர்பால் ஐயமுற்று அங்ஙனம் செய்தனர் என்று சிலர் கூறுவர். ஐயமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் அதன் பயன் வேறொரு நாளில் வெளிப்பட்டது. 1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூன்மீது குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் அந்நகர் ஜப்பானியர் வசமாயிற்று. உயிர் தப்பினாற் போதுமென்று கடலாலும் காட்டாலும் புறப்பட்டவர் பேரேடுகளையெல்லாம் சுமந்து வருதல் இயலுவதொன்றா? யார் யாரிடம் எவ்வளவு நிற்கின்றது என்பதற்கு ஊரில் முன்னமே வந்து சேர்ந்திருந்த நகல் ஏடு எத்துணைப் பெரிய துணை என்பது அப்பொழுது விளங்கியிருக்கும்.

ஆகவே, நம்மவர் கணக்கேட்டுக்கு இரண்டு இயல்புகள் இருந்தன. ஒன்று, அது நெடுங்காலம் நிற்கும். நல்ல தாளில் நல்ல மையால் எழுதியது எழுதியவனையும் கடந்து வாழும். மற்றொன்று, அது ஒரே இடத்தில் மட்டும் இராது. கணினியைப் பற்றிக் கேட்கவேண்டிய வினாக்களும் இவ்விரண்டே என்பது என் துணிபு. வேகம், திரையின் அழகு, எடையின் குறைவு முதலியன பின்னர் வரத்தக்கவை.

இனி, மலிவான கணினி மலிவாவது எங்ஙனம் என்று காண்போம். உற்பத்தி செய்வோர் தருமம் செய்பவரல்லர்; ஒரு பக்கம் குறைத்த விலைக்கு மறுபக்கம் ஏதோவொன்றைக் குறைத்தே தீரவேண்டும். அம்மான் வாங்கிய கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் நினைவகம் நான்கு ஜிபி. சேமிப்பகம் அறுபத்துநான்கு ஜிபி. அதுவும் தனியே கழற்றி எடுக்கக்கூடிய தட்டாக இன்றி, தாய்ப்பலகையின்மேல் ஈயம் பற்றவைக்கப்பெற்ற சில்லாக அமைந்திருந்தது. இதனை இ.எம்.எம்.சி. என்பர், கைப்பேசிகளில் வழங்குவதும் இவ்வகையே. தாய்ப்பலகை செத்தால் அதன்மேல் ஒட்டிய சேமிப்பகமும் எட்டாததாகிவிடும். வேலைக்கென்று செய்யப்பெறும் கணினிகளிலோ பெரும்பாலும் நான்கைந்து திருகாணிகளைக் கழற்றினால் எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தைத் தனியே உருவி எடுத்து வேறொரு கணினியிற் பொருத்திப் படிக்கலாம். வீடு இடிந்தாலும் இரும்புப் பெட்டியை வெளியே எடுத்துவிடுவது போன்றது அது. மலிவுக் கணினியில் இரும்புப் பெட்டி சுவரோடு சுவராகக் கட்டப்பட்டுள்ளது.

அடுத்தது இயக்குதளம். வீட்டுக் கணினிகளில் விண்டோஸ் ஹோம் என்னும் பதிப்பு வரும். அலுவலகக் கணினிகளில் புரொபஷனல் பதிப்பு வரும். ஒருவரே அமர்ந்து ஒரு கடைக்கணக்கை எழுதுவதற்கு ஹோம் பதிப்பிலே குறையொன்றுமில்லை. பத்துக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து ஆளுதலும், கடையிலுள்ள கணினியை வீட்டிலிருந்து விண்டோஸின் சொந்த வசதியாலேயே திறந்து பார்த்தலும் அதனால் ஆகா. சில மலிவுக் கணினிகள் எஸ் மோடு என்னும் நிலையில் விற்கப்படுகின்றன. அந்நிலையில் அந்நிறுவனத்தின் இணையக் கடையிற் கிடைக்கும் மென்பொருளன்றி வேறெதுவும் ஏறாது. டாலியை ஏற்ற முயன்று முடியாமல், கணினியே பழுதென்று திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தவரை யான் அறிவேன். அந்நிலையிலிருந்து வெளியேறுவதற்குக் காசு வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை வெளியேறினால் திரும்பப் புகவியலாது. அதிற் கவலைப்படவும் ஒன்றுமில்லை.

உடன் இலவசமாக வருகின்ற எழுத்து மென்பொருளைப் பற்றியும் ஒரு சொல். சில்லறைக் கணினிகள் பலவற்றிலே ஆபீஸ் ஹோம் அண்டு ஸ்டூடண்ட் என்னும் பதிப்பைச் சேர்த்தே விற்றனர். அப்பெயரே கூறுமாறு அது வீட்டுக்கும் மாணவர்க்கும் உரியது. 2019, 2021 ஆகிய ஆண்டுப் பதிப்புகளின் உரிமம் வியாபார உபயோகத்துக்கு இடந்தரவில்லை. நம் கடைத்தெருவில் இதனைப் படித்துப் பார்த்தவர் எத்துணைப் பேர் என்று கேட்டால் பதில் சிரிப்பாகத்தான் இருக்கும். எனினும் ஒன்று வியாபாரத்துக்கு ஏற்றதா என்னும் வினாவில் அதனை வியாபாரத்துக்கு உபயோகிக்க உரிமை உண்டா என்பதும் அடங்கும் அன்றோ?

எல்லாவற்றினும் பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது, அஃது உத்தரவாதம். சில்லறைக் கணினிக்குப் பெரும்பாலும் ஓராண்டு உத்தரவாதம். பழுதானால் நாமே பழுதுபார்க்கும் நிலையத்துக்குச் சுமந்து செல்லவேண்டும். அலுவலகக் கணினிக்கு மூன்றாண்டு உத்தரவாதம் வாங்கலாம்; அதிற் பழுதுபார்ப்பவர் நம் இடத்துக்கே வருவார். இருவகை உத்தரவாதத்திலும் ஒரு வாசகம் பொதுவாக இருக்கும்: கணினியைச் செப்பனிட்டுத் தருவோம், உள்ளே எழுதியிருந்தவற்றுக்குப் பொறுப்பேலோம். விற்பவன் உத்தரவாதம் தருவது பெட்டிக்கு, பேரேட்டுக்கன்று.

அரசாங்கமோ பேரேட்டைக் கேட்கின்றது. 2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் முப்பத்தாறாம் பிரிவு, ஓராண்டின் கணக்குகளை அவ்வாண்டுக்குரிய ஆண்டறிக்கையைச் செலுத்தவேண்டிய கடைசி நாளிலிருந்து எழுபத்திரண்டு மாதம் வைத்திருத்தல் வேண்டும் என்கின்றது. 2021 ஏப்ரலில் எழுதிய ஒரு விற்பனைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டின் அறிக்கைக்குக் கடைசி நாள் 2022 டிசம்பர் 31. அதிலிருந்து எழுபத்திரண்டு மாதமெனின், 2028 டிசம்பர் 31 வரை அப்பட்டியல் கையில் இருத்தல் வேண்டும். ஏழே முக்கால் ஆண்டு! ஓராண்டு உத்தரவாதமுடைய பெட்டிக்குள் ஏழே முக்கால் ஆண்டுக் கடமையை வைக்கின்றோம். மூன்றாண்டு உத்தரவாதமுடைய பெட்டியும் அதற்குப் போதாது. கணினி எதுவாயினும் கணக்கு அதனைவிட நெடுநாள் வாழவேண்டியிருக்கின்றது. இதனை யான் 2021இல் கணக்கிட்டுப் பார்த்திருந்தால் அம்மானுக்கு வேறு விடை கூறியிருப்பேன்.

நிற்க. 2022ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, இடியுடன் மழை பெய்த ஓரிரவில், மின்னேற்றியிற் செருகியபடியே விடப்பட்டிருந்த அக்கணினி இறந்துபோயிற்று. வாங்கிப் பதினான்கு மாதம். உத்தரவாதம் முடிந்து இரண்டு மாதம். மதுரைக்கு எடுத்துச் சென்றோம். தாய்ப்பலகையை மாற்றவேண்டும், வாங்கிய விலையிற் பாதிக்கு மேல் ஆகும், உள்ளே இருந்தது கிடைக்காது என்றனர். அம்மான் அங்கே ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியிலே திருப்பத்தூர் கடந்தபின், “நெசவுக்காரர் கணக்கு அதிலேதான் இருக்கிறது” என்றார்.

இங்கே கடையின் நிலையைச் சிறிது விளக்குதல் வேண்டும். அம்மான் விற்பவற்றுள் முதன்மையானது கண்டாங்கிச் சேலை; 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி. அவற்றை நெய்வோர்க்கு அவர் முன்பணம் கொடுப்பார், நூலும் கொடுப்பார். சேலை வந்து சேரச் சேரக் கூலியிற் கழித்துக்கொள்வார். ஒவ்வொரு நெசவாளர் பெயரிலும் எவ்வளவு பற்று, எவ்வளவு வரவு, நூல் எத்தனை கட்டு நிலுவை என்பதெல்லாம் முன்பு ஒரு நீண்ட ஏட்டில் இருந்தன. கணினி வந்தபின் கணக்குப்பிள்ளை அவ்வேட்டை மூடிவைத்துவிட்டார். தீபாவளிக்கு முன் கணக்குத் தீர்த்துக் கூலி கொடுப்பது அக்கடையின் நெடுநாள் வழக்கம்.

இழந்தவற்றில் எவை மீண்டன என்பதே இந்நிகழ்ச்சியில் நம் ஆராய்ச்சிக்குரிய பகுதி. மற்றக் கடைக்காரர்க்கு விற்றவற்றின் பட்டியல், மாதந்தோறும் பதினொன்றாம் நாளுக்குள் செலுத்தும் ஜி.எஸ்.டி.ஆர். 1 அறிக்கையிலே பட்டியல் எண்ணோடு அரசாங்கத் தளத்தில் இருந்தது. பதிவுபெற்ற வணிகரிடம் வாங்கியவை ஜி.எஸ்.டி.ஆர். 2பி என்னும் அறிக்கையிலே, விற்றவர் தாமே எழுதிய வண்ணம் கிடைத்தன. சில்லறை விற்பனைக்கு மொத்தத் தொகை மட்டுமே அங்கே இருந்தது. தனித்தனிப் பட்டியல்களின் நகற்சீட்டுகள் ஒரு சாக்குப்பையில் அகப்பட்டன. வங்கியின் வரவு செலவை வங்கியே கொடுத்தது. இவற்றைக்கொண்டு இருபதாம் நாளுக்குரிய ஜி.எஸ்.டி.ஆர். 3பி அறிக்கையைப் பிழையின்றிச் செலுத்திவிட்டோம். தவறியிருந்தால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய்த் தாமதக் கட்டணமும், வரித்தொகைக்கு நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஆண்டு வட்டியும் விழுந்திருக்கும், தாங்கக்கூடியதே. அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டும் பகுதியெல்லாம் இங்ஙனம் ஏதோவொரு வழியில் மீண்டது. ஏன் மீண்டது? அவற்றின் நகல் வேறொருவர் கையிலே இருந்தமையின்.

நெசவாளர் கணக்குக்கு அரசாங்கத் தளத்திலே இடமில்லை. அவர்கள் பதிவுபெற்ற வணிகரல்லர். முன்பணம் கைமேற் கொடுத்தது. அம்மான் இரண்டு இரவு நினைவைக் குடைந்து எழுதிப் பார்த்தார். ஆச்சி தமக்கு நினைவிருந்தவற்றைச் சொன்னார்கள். ஒத்துவரவில்லை. மூன்றாம் நாள் நெசவாளர்களையே அழைத்து உள்ளதைச் சொல்லிவிட்டார். அவருக்கு அது எளிய செயலன்று. ‘உங்கள் கணக்கு என்னிடம் இல்லை’ என்று ஒரு வணிகன் சொல்வதைவிடக் கடை நொடித்தது என்று சொல்வது அவர்க்கு இலேசாக இருந்திருக்கும். அவர்களுள் பெரும்பாலோர் மடியிலிருந்தும் பையிலிருந்தும் சிறு கைக்குறிப்புப் புத்தகங்களை எடுத்தனர். தேதி, தொகை, நூற்கட்டு எல்லாம் பென்சிலால் எழுதப்பெற்றிருந்தன. சிலவற்றில் அம்மானின் கையெழுத்தே இருந்தது. புத்தகம் இல்லாதவர் மூவர். அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார். அவற்றுள் ஒன்று தம் நினைவோடு ஆறாயிரம் ரூபாய் வேறுபட்டது என்று பின்னர் என்னிடம் கூறினார். எவர் என்று சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை.

இனி, நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் கடமை. இடிமின்னல் முப்பதினாயிரம் ரூபாய்க் கணினியென்றும் எழுபதினாயிரம் ரூபாய்க் கணினியென்றும் பாராது. விலையுயர்ந்த கணினி அவ்விரவில் அங்கே செருகப்பட்டிருந்தால் அதுவும் போயிருத்தல் கூடும். மின்னதிர்ச்சியாற் கெட்டதற்கு உத்தரவாதம் செல்லாதென்று கைவிரித்திருக்கவும் கூடும். ஒருவேளை சேமிப்பகத்தைத் தனியே கழற்றிக் கணக்கை மீட்டிருக்கலாம். அந்த ‘ஒருவேளை’க்கு நாற்பதினாயிரம் ரூபாய் தகுமா என்பதே வினா. ஆகவே மலிவுதான் கெடுத்தது என்று முடிவு கட்டுவதற்கு முன், மலிவையே நம்பிப் பெருவாழ்வு வாழ்ந்தவர் உண்டா என்று வெளியுலகையும் பார்த்தல் வேண்டும்.

உண்டு. கூகுள் நிறுவனம் தன் தேடுபொறியை விலையுயர்ந்த பெருங்கணினிகளின்மேல் அமைக்கவில்லை. சாதாரண மேசைக்கணினிகளுக்குரிய உறுப்புகளால் ஆன பதினையாயிரத்துக்கு மேற்பட்ட இயந்திரங்களின்மேல் அஃது இயங்குகின்றதென்று அந்நிறுவனத்துப் பொறியாளர் மூவர் 2003ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். நாள்தோறும் சில இயந்திரங்கள் சாகும் என்பதை எதிர்பார்த்தே அவர்கள் மென்பொருளை எழுதினர். அதே ஆண்டில் அவர்கள் விவரித்த கோப்பமைப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் பொதுவாக மூன்று நகல் வெவ்வேறு இயந்திரங்களில் வைக்கப்படும்; ஒன்று போனால் மற்ற இரண்டிலிருந்து புதிய மூன்றாவது உண்டாகும்.

பேக்பிளேஸ் என்பது பிறர் கோப்புகளின் நகலைக் காத்துவைக்கும் அமெரிக்க நிறுவனம். 2011இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து வன்தட்டு ஆலைகள் மூழ்கவே, உலகெங்கும் வன்தட்டின் விலை ஏறிற்று. அந்நிறுவனத்தார் என் செய்தனர்? ஊழியரும் நண்பரும் சில்லறைக் கடைகளிற் புகுந்து, வீட்டுக்கென்று விற்கும் வெளித்தட்டுகளைக் கிடைத்த மட்டும் வாங்கி, உறையை உடைத்து உள்ளிருந்த தட்டை எடுத்துத் தம் இயந்திரங்களிற் பொருத்தினர். 2013 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி வீட்டு வகைத் தட்டுகள் ஆண்டுக்கு நூற்றுக்கு 4.2 வீதமும், விலையுயர்ந்த நிறுவன வகைத் தட்டுகள் 4.6 வீதமும் பழுதாயின. பிந்திய வகையில் அவர்களிடம் இருந்தவை மிகச் சிலவாதலின், மலிவே சிறந்தது என்று இதனாற் கூறலாகாது. விலை கூடினால் உறுதியும் கூடும் என்னும் நம்பிக்கைக்கு அங்கே சான்று கிடைக்கவில்லை என்றமட்டிற் கொள்ளலாம்.

இவ்விரு நிறுவனங்களும் மலிவானதை வாங்கி ஒன்றோடு நின்றுவிடவில்லை. மீதப்பட்ட பணத்தில் இன்னொன்றையும் வாங்கின. நாமோ மலிவானதை வாங்கி, மீதப்பட்டதைச் செலவழித்துவிடுகின்றோம்! அம்மான் மிச்சப்படுத்திய நாற்பதினாயிரம் கடையின் முகப்புக்குக் கண்ணாடி போடுவதிற் சென்றது. கண்ணாடி இன்றும் நன்றாக இருக்கின்றது.

எண்ணிக்கையை வைத்தே பார்ப்போம். மலிவானது ஒன்று முப்பதினாயிரம். இரண்டு வாங்கினால் அறுபதினாயிரம். வெளித்தட்டு இரண்டுக்குப் பத்தாயிரம் என்று கொள்வோம். மொத்தம் எழுபதினாயிரம், அதாவது உயர்ந்தது ஒன்றின் விலை. ஒன்று செத்த நாளில் மற்றொன்று மேசைமேல் இருக்கின்றது. மதுரைக்குச் சென்றது எப்பொழுது திரும்பும் என்று வழி பார்க்க வேண்டியதில்லை. உயர்ந்த கணினி ஒன்றை மட்டும் வாங்கியவர்க்கோ, பழுதுபார்ப்பவர் மறுநாளே வருவதாக இருப்பினும், அந்த ஒரு நாள் தீபாவளிக்கு முன்னாளாக இருத்தல் கூடும். ஆகவே ஒருவரே கணக்கெழுதும் சிறு கடைக்கு, இரண்டாவது ஒன்றையும் நகலையும் சேர்த்து விலை பேசுகின்றவரையில், மலிவுக் கணினி ஏற்றதே என்பது என் முடிவு. ஒன்றை மட்டும் வாங்கி அதிலேயே எல்லாவற்றையும் எழுதிவைப்பவர்க்கு அது ஏற்றதன்று, எழுபதினாயிரத்தினதும் ஏற்றதன்று.

இம்முடிவு எல்லாத் தொழிலுக்கும் செல்லாது. பலருடைய வரிக்கணக்கை வைத்திருக்கும் தணிக்கையாளர் அலுவலகத்தில் ஐந்தாறு பேர் ஒரே தரவைத் தொடுவர். யார் எதைத் திறக்கலாம் என்பதை ஒருவர் ஆளவேண்டும். அங்கே ஹோம் பதிப்பும் ஓராண்டு உத்தரவாதமும் ஆகா. ஆத்தங்குடியில் தளக்கல் வார்க்கும் பட்டறையிலே மணலும் சிமெண்டுத் தூளும் காற்றில் இருக்கும். விசிறி வைத்த எந்தக் கணினியும் அங்கே நெடுநாள் நில்லாது. அறையை மாற்றுவதே அங்கு வழி. சேலையின் கட்டத்தையும் கரையையும் திரையில் வரைந்து பார்ப்பவர்க்கு மலிவான திரை அரக்குச் சிவப்பையும் குங்குமச் சிவப்பையும் வேறாகக் காட்டாது. அவர் பணத்தைத் திரையிலே போடவேண்டும்.

இலவசமாக வந்த கணினியைப் பற்றிக் கேட்போரும் உண்டு. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். எல்காட் நிறுவனம் அவற்றைப் பெருந்தொகையாக வாங்கிக் கொடுத்தது. மகன் படிப்பை முடித்தபின் அது கடைக்கு வந்து கல்லாப்பெட்டியின் பக்கத்தில் அமர்ந்ததை யான் பல ஊர்களிற் கண்டிருக்கின்றேன். கணக்கெழுதும் அளவுக்கு அவற்றுட் பல நன்றாகவே உழைத்தன. ஆயினும் இன்று அவற்றுக்கு ஒரு தடை வந்துள்ளது. விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவது 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவாக நின்றுவிட்டது. பழைய செயலியுடைய கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. வங்கிக் கணக்கையும் வரித் தளத்தையும் திறக்கும் இயந்திரத்தில் இது சிறு குறையன்று. சென்னை ரிச்சி தெருவில் விற்கும் பழைய அலுவலகக் கணினிகளை வாங்குவோரும் இதனையே முதலிற் கேட்டறிய வேண்டும். மற்றபடி, கழற்றக்கூடிய உறுப்புகளும் உறுதியான விசைப்பலகையும் உடைய அவை, அதே விலையுள்ள புதிய மலிவுக் கணினியைவிட எனக்கு உகந்தவை. பழையது என்னும் சொல்லுக்கு அஞ்சும் அம்மான் இதற்கு இன்னும் இணங்கவில்லை.

இப்பொழுது கடையில் இரண்டு மலிவுக் கணினிகள் இருக்கின்றன. ஒன்றில் கணக்கு நடக்கின்றது. மற்றொன்றில் அதே மென்பொருள் ஏற்றப்பட்டு உறையிலே காத்திருக்கின்றது. மழைக்காலத்து இரவில் மின்னேற்றியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவது கடைப்பையனின் கடமை. நாள்தோறும் கடை சாத்துமுன் ஒரு வெளித்தட்டில் நகல் எடுக்கின்றனர். சனிக்கிழமை மாலை மற்றொரு தட்டில் நகல் எடுத்து, அதனை அம்மான் கானாடுகாத்தானிலுள்ள வீட்டுக்குக் கொண்டுபோய் ஐயா காலத்து இரும்புப் பெட்டியில் வைக்கின்றார். நெசவாளர் கணக்கைக் கணக்குப்பிள்ளை மாதக் கடைசியில் தாளில் அச்சடித்து, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவரவர் கையெழுத்தை வாங்கிக்கொள்கின்றார்.

இந்த ஏற்பாடு செய்து மூன்றாம் மாதம், நகலைத் திறந்து பார்க்கலாம் என்று யான் சொன்னபோது அம்மானுக்குச் சிறிது மனத்தாங்கல். “எடுத்துத்தானே வைத்திருக்கிறோம்” என்றார். வற்புறுத்தி வாங்கி, காத்திருந்த கணினியிற் செருகித் திறந்தோம். தட்டில் பன்னிரண்டு சனிக்கிழமைக்குரிய பன்னிரண்டு கோப்புறைகள் தேதியிட்டு ஒழுங்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சிறு கோப்பு. டாலியின் தரவுக் கோப்புறைக்குப் பதிலாக, முகப்பிலுள்ள டாலியின் குறுவழிச் சின்னத்தைக் கடைப்பையன் வாரந்தோறும் நகல் எடுத்திருந்தான். பன்னிரண்டு வாரமும் இரும்புப் பெட்டியில் காவலில் இருந்தது கதவின் படமே. உள்ளே வீடு இல்லை.

பையனை அம்மான் கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவனருகில் அமர்ந்து, தரவு எந்தக் கோப்புறையில் இருக்கின்றது என்பதை என்னைக் காட்டச் சொல்லி, தாமும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பின்பு கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு பழைய சிட்டையை எடுத்து, அதன் கடைசிப் பக்கத்தில் அக்கோப்புறையின் பெயரையும் அன்றைய தேதியையும் தம் கையால் எழுதினார். அதன்கீழ் இடம் விட்டிருக்கின்றார். மூன்று மாதத்துக்கொருமுறை நகலைத் திறந்து, நெசவாளர் பற்று மொத்தமும் ஒத்துவந்தால் அங்கே ஒரு வரி எழுதுகின்றனர்.